மைல் கணக்கு: பயணப் பிரிவில் கேட்ட ஒரு கேள்வி

வேலை மாறியதும் சிங்கப்பூரிலிருந்து ஜகார்த்தா, பாங்காக், சென்னை என்று மாதம் தவறாமல் பறக்க வேண்டியதாயிற்று. பறப்பதற்கு விமான நிறுவனங்கள் மைல் புள்ளிகள் தரும் திட்டங்களில் எதில் சேருவது என்று அலுவலகத்தில் வாய்விட்டுக் கேட்டதுதான் தாமதம், ஆளாளுக்குத் தங்கள் அட்டையை எடுத்துக் காட்டினார்கள். அவர்களில் பாதிப் பேர் ஐரோப்பாவுக்குப் போகிறவர்கள். அவர்கள் கணக்கு எனக்கு எதற்கு?

எங்கள் டிக்கெட்டுகளை எடுத்துத்தரும் பயணப் பிரிவுத் தங்கையிடம் போனேன். "எனக்கு எந்த வகை டிக்கெட் போடுவீர்கள்?" என்றேன். "எகானமிதான் அண்ணே. உங்கள் கூட்டத் தேதி அடிக்கடி மாறும், அதனால் மாற்றக்கூடிய டிக்கெட்டாகப் பார்த்துத்தான் எடுப்போம்" என்றார்.

பாதி விடை அதிலேயே கிடைத்துவிட்டது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் திட்டத்தில் எகானமியின் மலிவான லைட் டிக்கெட்டுக்குப் பறந்த தொலைவில் 50 சதவீதம்தான் எலீட் மைல், அதாவது உறுப்பினர் தகுதியை உயர்த்தும் மைல். தேதி மாற்ற வசதியான ஃபிளெக்ஸி என்றால் 100 சதவீதம். சென்னைக்கு ஒருவழித் தொலைவு ஏறத்தாழ 1,800 மைல். ஃபிளெக்ஸியில் போய்வந்தால் 3,600, லைட்டில் அதில் பாதி. ஜகார்த்தா ஒருவழிக்கு ஏறத்தாழ 550 மைல்தான். அது எறும்பு அரிசி சேர்த்த கதைதான். 12 மாதத்துக்குள் 25,000 எலீட் மைல் சேர்ந்தால் சில்வர் தகுதி, 50,000 சேர்ந்தால் கோல்டு.

சில்வருக்காக மெனக்கெட வேண்டாம் என்பது என் கருத்து. அதில் விமான நிலைய ஓய்வறை (லவுஞ்ச்) கிடையாது. கோல்டு எட்டினால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இருக்கும் ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணி முழுவதும் செல்லும்: தாய் ஏர்வேஸிலும் ஏர் இந்தியாவிலும் முன்னுரிமை வரிசை, ஓய்வறை, கூடுதல் பெட்டி. ஏர் இந்தியா 2014இல் அந்தக் கூட்டணியில் சேர்ந்தது, ஆகவே அதில் சென்னை போனாலும் மைல் என் கிரிஸ்ஃபிளையர் கணக்கிலேயே விழும். ஆனால் டிக்கெட்டில் இருக்கும், விலைப் பிரிவைக் காட்டும் வகுப்பு எழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மலிவு எழுத்துகளுக்குச் சொற்பமே கிடைக்கும்.

ஒன்வேர்ல்டு என்ற இன்னொரு கூட்டணியையும் பார்க்காமல் இல்லை. கோலாலம்பூர், ஹாங்காங், தோஹா பக்கம் வேலை இருப்பவர்களுக்கு அது பொருந்தும். எனக்கோ, காலைக் கூட்டத்துக்குச் சென்னை போக அந்தக் கூட்டணியின் ஸ்ரீலங்கன் விமானத்தில் ஏறி, கொழும்பில் இறங்கி விமானம் மாறும் பொறுமை இல்லை. இண்டிகோ எந்தக் கூட்டணியிலும் இல்லாததால் விட்டுவிட்டேன்.

இனி நம்மவர்களுக்கே உரிய தொல்லை: பெயர். என் கடவுச்சீட்டில் அப்பா பெயர் 'எஸ்/ஓ' (இன்னாரின் மகன்) போட்டு வருகிறது. விமான டிக்கெட் அந்தச் சாய்கோட்டை ஏற்காது. ஒரு டிக்கெட்டில் அந்த இரண்டு எழுத்துகளும் பெயரோடு ஒட்டிக்கொள்ளும், இன்னொன்றில் காணாமலே போகும். கூட்டணியைச் சேர்ந்த வேறொரு நிறுவனத்தில் பறந்தபோது, கணக்கில் இருந்த பெயரும் டிக்கெட் பெயரும் ஒத்துப்போகவில்லை என்று மைல் ஏறவே இல்லை. போர்டிங் பாஸ் படமும் டிக்கெட் எண்ணும் அனுப்பி, பதில் வராமல் மறுபடி அனுப்பி, பல வாரம் கழித்துத்தான் கிடைத்தது. போர்டிங் பாஸைக் குப்பையில் போடும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அதன்பிறகு பயணப் பிரிவில் என் பெயரை ஒரே வடிவத்தில், உறுப்பினர் எண்ணோடு பதிந்துவைக்கச் சொன்னேன். தொல்லை விட்டது.

எலீட் மைல் தகுதிக்கு மட்டும்; டிக்கெட் எடுக்கச் சேரும் மைல்கள் வேறு. அவற்றுக்கு 36 மாதம்தான் ஆயுள், அதனால் பதுக்கிவைப்பதில்லை. நம் மைலில் டிக்கெட் எடுத்துத்தர ஐந்து பேரைப் பதிந்துகொள்ளலாம். அம்மாவை முதலில் சேர்த்தேன். ஊர் திருச்சி, ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சென்னைக்குத்தான் போகிறது. அம்மாவுக்கு எழும்பூரிலிருந்து ரயில் ஏறுவது ஒரு பொருட்டே இல்லை. தைப்பொங்கல் சமயத்து இருக்கைகள் விரைவில் தீர்ந்துவிடும், 355 நாள் முன்பே திறக்கின்றன என்பதால் அப்போதே எடுத்துவிட்டேன். வரிக்கு மட்டும் சிங்கப்பூர் வெள்ளியில் பணம் கட்டினேன்.