பழைய போனும் சிறு சேர்வரும்: தோட்டப் பாடசாலை நாட்குறிப்பு

2025 ஜூன் 3, செவ்வாய்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்குத் தொழில்நுட்பம் என்றதும் பிள்ளைக்கொரு டெப் கேட்பதில்தான் பேச்சு தொடங்குகிறது. 36 பேர் வகுப்புக்குப் பத்துப் பன்னிரண்டு பழைய போன்கள் போதும், மூவருக்கு ஒன்று. ஒரு பிள்ளை திரையைத் தொட, பக்கத்தில் உள்ள இருவரும் சரி பிழை பேசுகிறார்கள்; பாடம் அந்தப் பேச்சில்தான் பதிகிறது. பெற்றோருக்குச் சுமை போனை விட டேட்டா. ஆகவே இங்கே எழுதுவதெல்லாம் டேட்டா இல்லாமலே ஓடும் ஏற்பாடு.

பழைய போனில் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி. வழுவழுப்பான மேசையில் மல்லாத்தி வைத்து விரலால் ஒரு சுண்டு சுண்டுங்கள். பம்பரமாகச் சுற்றினால் பின்பக்கம் உப்பியிருக்கிறது, அந்த போன் வேண்டாம். உப்பிய லிதியம் பேட்டரியைக் குத்தக்கூடாது, அழுத்தக்கூடாது, சார்ஜில் போடக்கூடாது. சாதாரணக் குப்பையிலும் சேர்க்கக்கூடாது; மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுக்க வேண்டும்.

அடுத்தது கூகுள் பூட்டு. கொடுப்பவர் தன் கணக்கை நீக்காமல் போனை அழித்துத் தந்தால், திறக்கும்போது பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு அங்கேயே நின்றுவிடும். எனவே வரிசை முக்கியம்: முதலில் அமைப்புகளில் கணக்கை நீக்க வேண்டும், பிறகு சிம்மையும் மெமரி அட்டையையும் கழற்ற வேண்டும், அதன் பின்தான் முழுவதையும் அழிக்க வேண்டும். இதை உரியவர் பக்கத்தில் இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது. சாம்சங் போன் என்றால் *#0*# அழுத்தினால் திரை, தொடுகை, சென்சார் எல்லாவற்றையும் சோதிக்கும் பக்கம் வரும். 2 ஜிபி ரேமுக்குக் குறைந்ததை எடுத்தால் பாடத்தை விடக் காத்திருப்பே அதிகமாகும்.

ஜூன் 5, வியாழன்

ஒரே ஒரு போன்தான் கிடைத்தது என்றால் அதைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதை விட, புத்தகத்தைத் திரையில் காட்டும் கமராவாக்குவது மேல். அரை அங்குல பிவிசி குழாயில் ‘ப’ வடிவச் சட்டம் கட்டி, குறுக்குக் குழாயில் போனை ரப்பர் பட்டியால் இறுக்கினால் போதும். விரித்த பாடப்புத்தகம் முழுதாகத் தெரிய 35 சென்ரிமீற்றர் உயரம் வேண்டும். ஒரு ஏ4 தாளுக்கு 25 முதல் 30.

சிக்கல் வருவது போனைத் திரையோடு இணைக்கும் இடத்தில். டைப்-சி வாய் இருந்தாலே எச்டிஎம்ஐ வயர் வேலை செய்யும் என்று நம்பி அடாப்டர் வாங்காதீர்கள். மலிவான போன்களில் பெரும்பாலானவற்றில் அந்த வாய் வழியே படம் வெளியே வராது, சார்ஜும் கோப்பும் மட்டும்தான். வயர்லெஸ் வழியில் அனுப்பினால் எழுதும் கை ஒரு கணம் பிந்தித் தெரியும். மடிக்கணனி இருந்தால் நம்பகமான வழி ‘ஸ்கிரீன் காப்பி’ என்ற இலவச மென்பொருள் (எஸ்-சி-ஆர்-சி-பி-வை என்ற ஆறு எழுத்துகளில் தேடவும்). போன் அமைப்புகளில் ‘பில்ட் நம்பர்’ என்ற வரியை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் பகுதி திறக்கும். அதில் யூஎஸ்பி டிபகிங்கைப் போட்டு வயரைக் குத்தினால் போன் திரை அப்படியே கணனியில் வரும். ஆண்ட்ராய்டு 5 முதல் இது ஓடும். வராவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வயரை: சார்ஜுக்கு மட்டும் செய்த வயர்களில் தரவுக் கம்பியே இருக்காது.

பளபளப்பான தாளில் மின்குமிழ் வெளிச்சம் விழுந்து எழுத்து மறைந்தால் குமிழை அணைத்துவிட்டு யன்னல் பக்கம் திருப்புங்கள், வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும். திரையில் கறுப்புப் பட்டை ஓடினால் கமரா அமைப்பில் 50 ஹேர்ட்ஸைத் தெரிவு செய்ய வேண்டும். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ்.

பின்வரிசைப் பிள்ளையை நினைத்தே எழுத்தின் அளவைத் தீர்மானியுங்கள். பார்க்கும் தூரத்தின் 150இல் ஒரு பங்கு எழுத்தின் உயரமாக இருக்க வேண்டும்: 6 மீற்றருக்கு 4 சென்ரிமீற்றர். 32 அங்குலத் தொலைக்காட்சியின் உயரம் ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர், ஆகவே ஒரு திரைக்குப் பத்து வரிக்கு மேல் போகாது. தமிழில் ஒற்றின் புள்ளியும் ‘கி’ போன்ற எழுத்துகளின் விசிறி வளைவும்தான் முதலில் கண்ணுக்குத் தப்பும், ஆகவே எட்டு வரியோடு நிறுத்துவது உத்தமம்.

ஜூன் 12, வியாழன்

இனி முக்கியமான வேலை: இணையம் இல்லாத வைபை.

எளிய வழிக்கு ஒரு போன் போதும். கிவிக்ஸ் செயலியை நிறுவி, நல்ல இணையம் உள்ள இடத்தில் தமிழ் விக்கிப்பீடியாவின் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். வகுப்பில் மொபைல் டேட்டாவை அணைத்து, ஹொட்ஸ்பொட்டைப் போட்டு, செயலியில் நூல்களைப் பகிரும் பகுதியைத் தொடங்கினால் ஒரு முகவரி காட்டும். அதை மற்றப் போன்களின் பிரவுசரில் அடித்தால் விக்கிப்பீடியா திறக்கும். பெரும்பாலான போன்களின் ஹொட்ஸ்பொட் எட்டுப் பத்துப் பேரோடு நிறைந்துவிடும் என்பதே இதன் எல்லை.

வகுப்பு முழுவதற்கும் என்றால் ராஸ்பெரி பை 3 அல்லது 4 என்ற உள்ளங்கை அளவுக் கணனி (இனிச் சுருக்கமாக ‘பை’; இதுதான் நம் சேர்வர்), 64 ஜிபி மெமரி அட்டை, ஒரு பழைய ரவுட்டர். பையின் சொந்த வைபையை நம்பி இருக்காதீர்கள். பத்துப் பேருக்கு மேல் சேர்ந்தால் தடுமாறும். ஃபைபர் வந்த வீடுகளில் ஏடிஎஸ்எல் ரவுட்டர்கள் சும்மா கிடக்கின்றன, அவை இந்த வேலைக்கு அருமையானவை. தொலைபேசி வயர் குத்தும் வாயைக் காலியாக விட்டு, லேன் வாய் ஒன்றிலிருந்து பைக்கு வயர் போடுங்கள். ரவுட்டர் பக்கத்தில் பையின் முகவரியை நிலையாக ஒதுக்குங்கள், உதாரணமாக 192.168.1.10. ஒதுக்காவிட்டால் கரண்ட் போய் வரும்போது முகவரி மாறி, கரும்பலகையில் எழுதிப் போட்டது பயனற்றுப் போகும். அலைவரிசை 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கட்டும்.

பையில் கோலிப்ரி என்ற, இணையமின்றி ஓடும் இலவசக் கல்வி மென்பொருளை நிறுவினால் பாடங்களோடு வினாக்களும் வரும். யார் எந்த வினாவில் நிற்கிறார் என்பதை ஆசிரியர் திரையில் பார்க்கலாம். சிறு பிள்ளைகளுக்குக் கடவுச்சொல் இல்லாமல் பெயரைத் தொட்டு நுழையும் வசதியைத் திறந்துவிடுங்கள். இல்லையென்றால் 40 நிமிடப் பாடவேளையில் பாதி அதிலேயே போகும்.

பிழைக்கும் இடங்கள் இவை. வைபையில் சேர்ந்ததும் போன், “இணையம் இல்லை, தொடரவா?” என்று கேட்கும். ஆம் என்று சொல்லி, இனிக் கேட்காதே என்பதையும் தொட வேண்டும். இதை விட்டால் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவி, பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். முகவரிக்கு முன்னால் எஸ் இல்லாத எச்டிடிபியை (http://) முழுமையாக அடிக்கப் பழக்குங்கள். இல்லையென்றால் பிரவுசர் தானாகப் பாதுகாப்பு முகவரியைத் (https) தேடிப் போய்த் தோற்கும். 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு, ஃபேட்32 என்ற பழைய முறையில் வடிவமைத்த அட்டையில் ஏறாது. இடம் நிறையக் கிடக்கும்போதே ‘இடமில்லை’ என்று வந்தால் காரணம் இதுதான். அட்டையை எக்ஸ்ஃபேட்டாக மாற்ற வேண்டும்.

காணொளிகளை 480பி அளவுக்குக் குறைத்து ஏற்றுங்கள். நொடிக்கு 700 கிலோபிட் என்றால் 10 நிமிடப் படம் 55 எம்பி அளவில் நிற்கும். இருபது போன்கள் ஒரே நேரத்தில் பார்த்தாலும் 15 மெகாபிட்டுக்குள் அடங்கும். எச்.264 வடிவமாக இருப்பது அவசியம். எச்.265இல் கொடுத்தால் பழைய போன்களில் குரல் கேட்கும், படம் கறுப்பாக இருக்கும்.

ஜூன் 17, செவ்வாய்

மின்சாரக் கணக்கு. 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்பது 3.7 வோல்ற்றில் சொல்லப்படும் அளவு: 37 வாட் மணி. 5 வோல்ற்றுக்கு ஏற்றும்போது இழப்புப் போக 30 கையில் நிற்கும். பை 3 சுமார் 4 வாட் எடுக்கும் என்றால் ஏழு மணித்தியாலம். ஒரு பாடசாலை நாளுக்குத் தாராளம். ரவுட்டருக்கு 12 வோல்ற் தரும் சிறு யூபிஎஸ் தனியாக வேண்டும்.

சார்ஜ் ஏறிக்கொண்டே மின் கொடுக்கும் பவர் பேங்க்கிலும் ஒரு பொறி இருக்கிறது. மெயின் கரண்ட் போகும் அந்தக் கணத்தில் பலவற்றில் வெளியீடு ஒரு நொடி அறுந்து ஒட்டும். பை அணைந்து திரும்ப எழும்பும். இப்படி நடக்க நடக்க அட்டையிலுள்ள கோப்புகள் சிதையும். வாங்கியதும் பையை ஓடவிட்டு சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். எதற்கும், பையின் அமைப்புக் கருவியில் அட்டையை வாசிப்புக்கு மட்டும் என்று மாற்றும் ‘ஓவர்லே’ வசதியைப் போட்டுவிட்டால் திடீரென நின்றாலும் சேதம் குறைவு. ஆனால் அதைப் போட்டிருக்கும்போது கோலிப்ரியில் பிள்ளைகளின் புள்ளிகளும் பதியாது என்பதை மறக்க வேண்டாம். கிவிக்ஸ் மட்டும் ஓடும் பைக்கே அது பொருந்தும்.

பையோடு இணைத்த திரையின் மூலையில் மின்னல் குறி தெரிந்தால், பைக்குப் போகும் வோல்ற்றளவு 4.63க்குக் கீழே இறங்கிவிட்டது. மெல்லிய நீள வயரே பெரும்பாலும் காரணம்.

லக்சபானை, மேல் கொத்மலை நீர்மின் நிலையங்கள் இந்த மலைகளில் இருந்துதான் நாட்டுக்கு மின் கொடுக்கின்றன. அந்த மலைகளின் கடைசி லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுப்) பிள்ளைக்கும் வெளிச்சமான திரை கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வாட் கணக்கெல்லாம்.

ஜூன் 24, செவ்வாய்

தகரக் கூரையில் மழை கொட்டும்போது எந்த ஸ்பீக்கரும் எடுபடாது. பழைய போன்களில் இருக்கும் 3.5 மில்லிமீற்றர் துளை இங்கே கைகொடுக்கும்: பிரிப்பான் வாங்கி ஒரு போனுக்கு மூன்று இயர்போன் கொடுக்கலாம். காணொளிகளில் தமிழ் எழுத்து வரி இருப்பதைத் தேர்ந்தால் சத்தமே இல்லாமலும் பாடம் போகும்.

ஈரத்துக்கு: மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே செம்மஞ்சள் நிற சிலிக்கா ஜெல் 200 கிராம். பச்சையானால் சமையலுக்கு எடுக்காத சட்டியில் சிறு தீயில் சூடாக்கினால் நிறம் திரும்பும். நீல நிறத்தது கோபால்ட் சேர்ந்தது, பிள்ளைகள் நடமாடும் இடத்தில் வேண்டாம். அரிசிக்குள் புதைப்பதால் தூசிதான் வாய்க்குள் ஏறும். குளிரில் இருந்த பெட்டியை வகுப்புக்குள் கொண்டுவந்ததும் திறக்கக் கூடாது. 20 நிமிடம் மூடியே கிடக்கட்டும். உடனே திறந்தால் பிள்ளைகளின் மூச்சு ஈரம் வில்லையில் படிந்து படம் மங்கும்.

ஜூலை 1, செவ்வாய்

ஆய்வுகூடம் இல்லாத பாடசாலைக்கு போன் தரும் பெரிய கொடை அதன் சென்சார்கள். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவான, சென்சார்களால் அளக்கும் ஃபைபாக்ஸ் செயலி இலவசம், இணையமின்றி ஓடும்.

ஒலியின் கதி: இரண்டு போன்களிலும் ‘ஒலி நிறுத்தக் கடிகாரத்தை’த் திறந்து, நாடாவால் அளந்து 5 மீற்றர் இடைவெளியில் வையுங்கள். முதலாம் போனுக்கு அருகே ஒரு பிள்ளை கைதட்ட இரண்டு கடிகாரங்களும் தொடங்கும், இரண்டாவது சற்றுப் பிந்தி. பிறகு இரண்டாம் போனுக்கு அருகே மற்றப் பிள்ளை கைதட்ட இரண்டும் நிற்கும், இம்முறை முதலாவது பிந்தி. இரு நேரங்களின் வித்தியாசம் ஒலி 10 மீற்றர் போக எடுத்த நேரம். 0.029 செக்கன் வந்தால் 10 ஐ அதனால் வகுக்க 345. 20 பாகை செல்சியசில் உண்மையான கதி செக்கனுக்கு 343 மீற்றர். மழைச் சத்தத்தில் கடிகாரம் தானாக ஓடத் தொடங்கினால் தூண்டல் அளவை உயர்த்துங்கள். ஐந்து தடவை செய்து சராசரி எடுக்காமல் ஒரு விடையோடு நிறுத்தக்கூடாது. அளவீட்டு வழு என்ன என்பதைப் பிள்ளை இங்கே கண்ணால் காண்கிறது.

வளிமண்டல அமுக்கம்: அமுக்க சென்சார் எல்லாப் போனிலும் இல்லை, பத்தில் ஒன்றில் இருந்தாலே போதும். அட்டன் உயரத்தில், சுமார் 1,270 மீற்றரில், அமுக்கம் 870 ஹெக்டோபஸ்கால் அளவில் நிற்கும். கொழும்பில் 1 ஹெக்டோபஸ்கால் குறைய 9 மீற்றருக்கும் சற்றுக் குறைவாக ஏறினால் போதும்; இங்கே வளி ஐதாக இருப்பதால் 10 மீற்றர் அளவு ஏற வேண்டும். லயத்தடியிலிருந்து பாடசாலைப் படிக்கட்டு உச்சி வரை ஏறிக் காட்டினால் எண் கண்முன்னே குறையும். முப்பது மீற்றர் ஏற்றம் இல்லாத தோட்டம் எங்கே இருக்கிறது?

நுணுக்குக்காட்டி: பழைய லேசர் பேனாவின் பேட்டரியை முதலில் எடுத்துவிட்டு, முன்வில்லையைக் கழற்றி, போன் கமரா மேல் ஒட்டுங்கள். இரு பக்கமும் திருப்பிப் பார்த்துத் தெளிவானதை வைத்துக்கொள்ளலாம். பொருள் வில்லைக்குச் சில மில்லிமீற்றர் தூரத்திலேயே இருக்க வேண்டும், கையில் பிடித்தால் நிற்காது. இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, மேலே கண்ணாடித் துண்டு, கீழிருந்து டோர்ச் வெளிச்சம். முற்றிய தேயிலையின் அடிப்பக்கத்தில் நிறமற்ற நகப்பூச்சைப் பூசி, 10 நிமிடம் காயவிட்டு, ஒளிபுகும் டேப்பால் உரித்தெடுங்கள். இலைவாய்களின் (இலையின் நுண்துளைகளின்) அச்சு அதில் இருக்கும். மேற்பக்கத்திலும் அதையே செய்யச் சொல்லுங்கள்: ஒன்றும் கிடைக்காது, ஏனெனில் தேயிலைக்கு இலைவாய்கள் அடிப்பக்கத்தில்தான். கொழுந்தின் அடியில் வெண்மயிர்களையும் காட்டுங்கள். தாய்மார் நாள் முழுக்கக் கிள்ளும் இலையில் இவ்வளவு அறிவியல் இருப்பதைப் பிள்ளைகள் தம் கையாலேயே கண்டெடுக்க வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

சேர்வரில் எதை ஏற்றுவது? முதலில் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல் பிடிஎஃப்கள், தரம் வாரியாக. அடுத்தது கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகிப்புகள்; ஒவ்வொன்றும் தனிக் கோப்பாக இறங்கும், பலவற்றுக்குத் தமிழ் வடிவம் உண்டு.

ஆசிரியர்கள் தட்டச்சு செய்த பழைய வினாத்தாள்கள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத போனில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு கணிதக் குறிகளையும் இலக்கங்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும், இடம் மாறுவது அங்கேதான்.

எல்லாம் முடிந்ததும் அட்டையை முழுப் படிமமாகக் கணனியில் எடுத்து வையுங்கள். மாற்று அட்டை வாங்கும்போது 64க்கு 64 வாங்காமல் 128 ஆக வாங்குங்கள். வேறு நிறுவனத்தின் 64 ஜிபி அட்டை சில எம்பி குறைவாக இருந்தாலும் படிமம் ஏறாது. எழுதிய மாற்று அட்டையைப் பையில் போட்டு ஒரு தடவை ஓடவைத்துப் பார்த்த பிறகே, திகதி எழுதிய உறையில் இட்டு, சேர்வர் இருக்கும் அலுமாரியில் அல்லாமல் வேறிடத்தில் வைக்க வேண்டும்.