மனு ரசீதோடு திரும்பி வருகிறவர்கள்

அரசு மருத்துவமனை வளாகத்தில், வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக இருக்கும் ஒருங்கிணைந்த சேவை மையம் ஒன்றில் ஆலோசகராக இருக்கிறேன். போர்டில் 'சகி' என்று எழுதியிருக்கும். 2015-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டம். எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கணவரின் குடி, வரதட்சணை, மாமியார் சண்டை என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். பாலியல் வன்முறை என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருகிறவர் அபூர்வம். அது நடுவில், வேறு எதையோ சொல்லும்போது வந்து விழும். "அவரு அண்ணன் ஆளு கொஞ்சம் சரியில்ல மேடம்" என்பார்கள். நான் உடனே துருவுவதில்லை. டீ சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பேன். சிலர் அன்றே சொல்வார்கள், சிலர் அடுத்த முறை வரும்போது. சிலர் வருவதே இல்லை.

2022-இல் நாடு முழுவதும் பதிவான பலாத்கார வழக்குகள் 31,516 என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். பத்திரிகைகள் இந்த எண்ணைத்தான் போடும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு இன்னொரு கணக்குச் சொல்கிறது. உடல் ரீதியாகவோ பாலியல் ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 சதவீதம் பேர் எந்த உதவியும் தேடவில்லை, யாரிடமும் வாய் திறக்கவும் இல்லை. உதவி தேடியவர்கள் 14 சதவீதம். அவர்களும் முதலில் போனது பிறந்த வீட்டுக்கு. போலீசிடம் போனவர்கள் அதில் மிகச் சொற்பம். கணவரே செய்வது என்றால் போலீஸின் பலாத்காரக் கணக்கிலேயே வராது. மனைவி பதினெட்டு வயதைத் தாண்டியவர் என்றால் அதைப் பலாத்காரமாகச் சட்டம் இன்றும் எடுத்துக்கொள்வதில்லை, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நியாய சன்ஹிதாவிலும் அந்த விதிவிலக்கு அப்படியே இருக்கிறது. எங்கள் மேசைக்கு வருவதில் கணிசமானது இந்த வகைதான். அதற்கு நாங்கள் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் மனு எழுதுகிறோம்.

பெண்கள் பயப்படுகிறார்கள், வெட்கப்படுகிறார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். நான் பார்த்தவரை அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். பதிவாகும் வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குற்றவாளி தெரிந்தவர்தான்: மச்சான், பக்கத்து வீட்டுக்காரர், சம்பளம் கொடுக்கிற ஓனர். அவர்மேல் புகார் கொடுத்தால் அடுத்த மாத வாடகை யார் கட்டுவது, தங்கை கல்யாணம் நிற்குமா, அப்பா எதையாவது குடித்துவிடுவாரா என்றெல்லாம் அந்தப் பெண் முன்பே யோசித்துவிட்டுத்தான் வந்திருப்பார். நாங்கள் சொல்லும் சட்டப் பிரிவுகள் அந்தக் கணக்கில் ஓரமாக நிற்கும், அவ்வளவுதான்.

அத்தனையும் தாண்டி ஸ்டேஷனுக்குப் போனால்? 1992-இல் ஆயிரம் விளக்கில் தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. இன்று மாநிலம் முழுக்க இருக்கின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் அங்கேயும் முதலில் கையில் கிடைப்பது பல நேரம் சி.எஸ்.ஆர்., அதாவது மனு ரசீது. வழக்காகப் பதியும் எஃப்.ஐ.ஆர். இல்லை. "ரெண்டு பக்கமும் கூப்பிட்டுப் பேசிப் பார்க்கலாம்மா" என்பார் ரைட்டர். பாலியல் குற்றப் புகாரைப் பதிய மறுத்தால் அந்தப் போலீஸ்காரருக்கே சிறை என்று 2013-இலேயே சட்டம் வந்துவிட்டது. சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனும் பதிய வேண்டும். நான் கூடப் போகும்போது இதை நினைவுபடுத்துவேன். நான் போகாத நாளில் அந்த ரசீதை நான்காக மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். போலீஸ் கணக்கில் ஏறாதவர்கள் என்றால் யாரிடமும் சொல்லாதவர்கள் மட்டும்தான் என்று வெளியில் நினைக்கிறார்கள். வாசல் வரை போய்ச் சொன்னவர்களும் அதில் இருக்கிறார்கள்.

இன்னொன்று, நாள் கடப்பது. உடலிலிருந்து தடயம் எடுக்க நான்கு நாள் வரை வாய்ப்பு உண்டு, எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரைக்கு மூன்று நாள்தான். ஒரு அம்மா மகளைக் கூட்டி வந்தபோது மஞ்சள் பையில் அந்தச் சுடிதாரையும் எடுத்து வந்திருந்தார். துவைத்து, நீலம் போட்டு, தேய்த்து மடித்திருந்தது. "அழுக்கோட கொண்டாந்தா அவங்க என்ன நினைப்பாங்க" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிக்கு வருமுன் குளிக்காதே, துணியைத் துவைக்காதே என்று நம் ஊரில் யார் சொல்லித் தந்தார்கள்?

பெயர் வெளியே வந்துவிடுமோ என்ற பயம் வீணானது என்று சொல்ல ஆசைதான். 2019-இல் பொள்ளாச்சி பாலியல் வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தை வெளியிட்டது போலீஸ் தரப்பே. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வழக்கின் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் கசிந்தது, மாணவிக்கு 25 லட்சம் இடைக்கால இழப்பீடு தரும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் வழக்குகளின் எஃப்.ஐ.ஆரை இணையத்தில் ஏற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-இலேயே சொல்லியிருந்தது. அந்தக் கசிவுக்கு அப்புறம் எங்களிடம் வந்தவர்கள், "நெட்ல வருமா மேடம்?" என்று கேட்டபோது, வராது என்று அடித்துச் சொல்ல எனக்கு நா எழவில்லை. 2025 மே மாதம் பொள்ளாச்சி வழக்கில் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பு வந்தது. இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அன்று வந்திருந்த ஒரு பெண்மணி மட்டும், "ஆறு வருஷம் ஆயிருக்கே" என்றார்.

நடுவில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர் எங்கள் பகுதிக்கு வந்தார். மையத்துக்கே மஃப்டியில் வருவார், ஃபோனை சைலன்டில் போடுவார், ஒரே தடவை கேட்டு எழுதிக்கொள்வார். சொன்னதையே மூன்று பேரிடம் திரும்பச் சொல்ல விடமாட்டார். மனு ரசீது என்ற பேச்சே இல்லை, நேராக எஃப்.ஐ.ஆர். விஷயம் பெண்களிடையே தானாகப் பரவியது. அதுவரை வராதவர்கள் வர ஆரம்பித்தார்கள், பழைய சம்பவங்களைக்கூடச் சொன்னார்கள். அந்த ஸ்டேஷன் கணக்கில் வழக்குகள் மளமளவென்று ஏறின. பிறகு அவருக்கு மாற்றல் வந்தது. அடுத்து வந்த அதிகாரி பதிவேட்டைப் புரட்டிவிட்டு என்னிடம் கேட்டார்: "என்ன மேடம், உங்க லிமிட்ல க்ரைம் இவ்வளவு மோசமா இருக்கு?"