இந்த வசந்தத்துக்கு எந்த மலை: ஃபிளிண்டர்ஸா, கோலரா?

செப்டம்பர் கடைசியில் பள்ளி விடுமுறை நெருங்கினால் தெற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் கூடாரம் வைத்திருக்கும் எல்லா வீட்டிலும் இந்தப் பேச்சு எழும். நேர் வடக்கே ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடர். வடமேற்கே, அயர் தீபகற்பத்தின் தலைமாட்டில், கோலர் மலைகள். இரண்டும் வறண்ட பூமி. இரண்டுக்கும் வசந்தம்தான் பருவம். நவம்பர் தாண்டினால் வெயிலும் ஈயும் சேர்ந்து விரட்டிவிடும்.

ஃபிளிண்டர்ஸுக்காக வாதாடுவது சுலபம். அடிலெய்டிலிருந்து அங்குள்ள முகாம் தலமான வில்பீனா சுமார் 430 கிலோமீட்டர், வாசல் வரை தார்ச்சாலை. கடை உண்டு, பெட்ரோல் உண்டு, வெந்நீரில் குளிக்கலாம். சுற்றிலும் மலை எழும்பி நடுவே பள்ளமாகக் கிடக்கும் வில்பீனா பவுண்டைப் பார்த்தால் எரிமலை வாய் என்றே தோன்றும். உண்மையில் அது மடிந்த பாறை அடுக்குகள் தேய்ந்து மிஞ்சியது. அதன் உச்சி செயின்ட் மேரி சிகரம், 1,171 மீட்டர். உச்சிவரை ஏறவேண்டாம் என்று அந்த மண்ணின் அட்னியாமதன்ஹா மக்கள் கேட்டுக்கொள்கிறார்கள். கீழேயுள்ள டாண்டெரா கணவாயோடு திரும்பிவிடுவதே மரியாதை. காட்சிக்கும் அங்கே குறைவில்லை.

என் மகனின் ஓட்டு ஃபிளிண்டர்ஸில் உள்ள பிராச்சினா பள்ளத்தாக்குக்கு. 1946இல் ரெக் ஸ்ப்ரிக் என்ற நிலவியலாளர் இந்த மலைத்தொடரின் மேற்கோரம் எடியாகரா குன்றுகளில் மெல்லுடல் உயிர்களின் அச்சுகளைக் கல்லில் கண்டார். ஏறக்குறைய 55 கோடி ஆண்டுப் பழமை. ஓடோ எலும்போ தோன்றாத காலத்து உயிர்கள். 2004இல் ‘எடியாகரன்’ என்று ஒரு நிலவியல் காலத்துக்கே பெயர் வைத்தார்கள். அது தொடங்கும் பாறை அடுக்கைக் குறிக்கும் வெண்கல வில்லை பிராச்சினாவில், எனோரமா ஓடைக்கரையில் பதிந்திருக்கிறது. எட்டு வயதுப் பையனிடம் இதைச் சொல்லிவிட்டு வேறு ஊருக்குக் கூட்டிப்போவது லேசான காரியமில்லை.

ஆனால் விடுமுறையில் வில்பீனா நிரம்பி வழியும். “ஏங்க, பக்கத்து டென்ட்டுக்காரர் குறட்டையக் கேக்கவா அவ்ளோ தூரம் போறோம்?” என்றாள் மனைவி. பதில் சொல்ல முடியவில்லை.

கோலர் மலைகள் கேட்கும் விலை வேறு. போர்ட் அகஸ்டா, கிம்பா, வுடின்னா வழியாக 600 கிலோமீட்டர் வாக்கில். வுடின்னாவைத் தாண்டி வடக்கே திரும்பியதும் மண்சாலை. தேசியப் பூங்காவுக்குள் குடிநீர் கிடையாது, கடை கிடையாது, பெரும்பாலான இடங்களில் செல்போனில் கோடு ஏறாது. மழை பெய்தால் சாலையை மூடிவிடுவார்கள். மூடிய சாலையில் வண்டியை விட்டால் அபராதம். எங்களுக்குத் துணிச்சல் தந்தது ஃபோர் வீல் டிரைவ் வைத்திருந்த நண்பன்தான். “மச்சான், தண்ணிய நீ பாத்துக்க, டயர நான் பாத்துக்கறேன்.” தண்ணீர் என் பொறுப்பு என்றதும் கேன் கேனாக ஏற்றினேன். பாத்திரம் கழுவுவதையும் கணக்கில் சேருங்கள். நம் சமையலுக்கு அதுதான் பெரிய செலவு. பூங்காவில் விறகு பொறுக்கத் தடை, ஆகவே கேஸ் அடுப்பு. ரசமும் அப்பளமும் அதில் தாராளமாக ஆகும்.

போய்ச் சேர்ந்ததும் முதலில் பார்த்தது ஆர்கன் பைப்ஸ் பாறைகள். கரும்புக்கட்டை நிமிர்த்தி வைத்தது போல வரிசை வரிசையாகச் செந்நிறக் கல்தூண்கள். 150 கோடி ஆண்டுகளுக்கும் முன் பீறிட்ட எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கும்போது இப்படிப் பட்டை பட்டையாக வெடித்து நின்றது. பக்கத்தில் நின்று தொட்டுப் பார்த்தோம். எங்களைத் தவிர அங்கே ஆளில்லை. “எடியாகராவை விட மூணு மடங்கு பழசா?” என்று மகனே கணக்குப் போட்டான். அதோடு அவன் முறைப்பு தணிந்தது.

இங்கேயும் மஞ்சள்கால் பாறை வாலபிகள் (சின்னக் கங்காரு போன்றவை) உண்டு. பொறுமை வேண்டும், பைனாகுலரும் வேண்டும். மண்ணில் வளை தோண்டி வாழும் குண்டு விலங்கான வாம்பட்டுக்கு அதுகூட வேண்டாம். அந்தி சாய்ந்தால் வளையிலிருந்து தானே வெளியே வந்து புல் மேயும். அந்த நேரத்தில் வண்டி ஓட்டாமல் இருப்பது நல்லது. கங்காரு குறுக்கே பாய்வதும் அப்போதுதான். இரவில் குளிர் ஐந்து டிகிரிக்குக் கீழே போனது. ஊரிலிருந்து கொண்டுவந்த ஜமுக்காளத்தை நம்பி வராதீர்கள்.

கிளம்புமுன் மவுண்ட் ஐவ் பண்ணை வழியாக கெயர்ட்னர் உப்பு ஏரிக்குப் போனோம். 160 கிலோமீட்டர் நீளம், வெள்ளை வெளேரென்ற உப்பு, கரையில் சிவந்த குன்றுகள். கருப்புக் கண்ணாடி இல்லாமல் நண்பகலில் அங்கே கண்ணைத் திறக்க முடியாது.

முதல்முறை கூடாரம் அடிப்பவர்கள், வயதானவர்களோடு போகிறவர்கள் ஃபிளிண்டர்ஸுக்கே போங்கள். ஓடைக்கரையில் பெரிய செம்மர யூகலிப்டஸ் நிழல் ஆசை காட்டும். அதன் அடியில் மட்டும் கூடாரம் போடாதீர்கள், காற்றில்லாத நாளிலும் கிளை முறிந்து விழும். எங்களிடமோ வண்டியும் துணையும் இருந்தன, கூட்டம் பிடிக்கவில்லை; கோலர்தான் சரி. மகன் மட்டும் தன் ஓட்டை வாபஸ் வாங்கவில்லை. ஏப்ரல் விடுமுறைக்கு பிராச்சினா என்று அவனே முடிவு செய்துவிட்டான்.