சஃபேத்தில் ஓய்வுநாள் காலை: தோரா வாசிப்பைக் கேட்கப் போகிறவர்களுக்கு

வடக்கு இஸ்ரேலில், கலிலேயா மலைமேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது சஃபேத். கப்பாலா என்னும் யூத மறைஞானம் 16ஆம் நூற்றாண்டில் செழித்த ஊர். 'அரி' என்று போற்றப்படும் ஐசக் லூரியா 1570இல் இங்கு வந்து 1572இல், 38 வயதில், மறைந்தார். இங்கு வசித்தது இரண்டே வருடம்தான். ஆனாலும் மோசேயின் ஐந்து நூல்களான தோராவின் வாராந்தர வாசிப்பில் பல வழக்கங்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்லியே நடக்கின்றன.

வெள்ளி மதியத்துக்குள் ஊர் சேர்ந்துவிடுங்கள். பொழுது சாய்வதற்கு வெகு முன்பே பேருந்துகள் நின்று, கடைகள் சாத்திவிடும். சரிவிலுள்ள பழைய இடுகாட்டில் நீலம் பூசிய அரியின் கல்லறையையும் அன்றே தரிசித்துவிட வேண்டும். ஓய்வுநாளில், அதாவது வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை, கல்லறைக்குப் போகும் வழக்கமில்லை. படிகள் செங்குத்து. வெளியே வந்ததும் கை கழுவ வேண்டும்.

அந்த வாரப் பகுதியை முன்கூட்டியே படித்துவிடுவது மிக அவசியம். மரபுப்படி எபிரேய மூலம் இருமுறை, ஓன்கெலோசின் அரமேய மொழிபெயர்ப்பு ஒருமுறை. அரி இதை வெள்ளிக்கிழமையில் செய்வார். எபிரேயம் தெரியாதவர்கள் தமிழ் வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களில் அந்தப் பகுதியைப் படித்துக்கொள்ளலாம். கதையைத் தோராவின் ஆடை என்கிறது கப்பாலாவின் மூலநூலான ஸோஹர். உள்ளே உடலும் அதனுள் ஆன்மாவும் இருக்கின்றன. ஆடையைப் பார்த்தே இராதவருக்கு உள்ளே போக வழியேது?

காலையில் தோராச் சுருள் இருக்கும் பேழையைத் திறக்கும்போது சொல்லும் அரமேய வேண்டுதலும் ஸோஹரில் உள்ளதுதான். பிறகு ஏழு பேர் ஒருவர்பின் ஒருவராகச் சுருளருகே அழைக்கப்படுவார்கள். இறைவன் வெளிப்படும் பத்து நிலைகளைக் கப்பாலா செஃபிரோத் என்கிறது; இந்த ஏழும் அவற்றில் கீழுள்ள ஏழுக்கு உரியவை. முதலில் வரும் ஆசாரிய வம்சத்தாருக்குக் கருணை, அடுத்து வரும் லேவியருக்குக் கண்டிப்பு. ஆறாவது அழைப்பு 'யெசோத்' என்னும் அடித்தளம். கப்பாலா வழியினர் மிக உயர்வாக மதிப்பது அதைத்தான்.

வாசிப்பவர் ஒருவரே; மற்றவர்கள் வாய் திறக்காமல், சீனாய் மலையடியில் நின்று கேட்பதுபோல் கேட்க வேண்டும் என்கிறது ஸோஹர். கூடவே முணுமுணுப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. திடீரென்று பலர் உரக்கக் குரல் கொடுத்தால் பதறாதீர்கள். சுருளில் உயிர்க்குறிகளும் இசைக்குறிகளும் கிடையாது. வாசிப்பவர் ஒரு சொல்லைப் பிறழ உச்சரித்துவிட்டால் அங்கேயே திருத்துவார்கள், அவரும் திரும்ப வாசிப்பார்.

எழுத்திலேயே பழுது தெரிந்தால் சங்கதி வேறு. மை உதிர்ந்தோ, இரண்டு எழுத்துகள் ஒட்டியோ இருந்தால் சுருள் தகுதியிழக்கும், வேறொன்றை எடுப்பார்கள். இது இந்த எழுத்துதானா என்று வடிவத்தில் ஐயம் வந்தால் ஒரு சிறுவனைக் கூப்பிட்டுக் காட்டுவதுண்டு. எழுத்து தெரிந்தவனாக, ஆனால் வாக்கியப் பொருளை ஊகித்துச் சொல்லிவிடும் அளவுக்குக் கெட்டிக்காரனாக இல்லாதவனாக இருக்க வேண்டும். அவன் எந்த எழுத்தென்று படிக்கிறானோ, அதுவே தீர்ப்பு.

சுருளை உயர்த்திக் காட்டும் நேரத்தைத் தவறவிடாதீர்கள். எழுத்துகளை வாசிக்கும் அளவு நெருங்கிப் பார்ப்பது அரியின் வழக்கம்; அதனால் பேரொளி இறங்கும் என்பது அவர் போதனை. ஸ்பெயின் வழிவந்த செஃபார்டி யூதரின் ஆலயங்களில் இது வாசிப்புக்கு முன், மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதரின் ஆலயங்களில் பின். அரியின் பெயரால் இரு வகை ஆலயமும் இங்கு உண்டு. எதற்குப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு நில்லுங்கள். ஆண்கள் தலையை மூட வேண்டும், பெண்களுக்குத் தனியிடம். கைப்பேசியும் கேமராவும் அறையிலேயே இருக்கட்டும்.

மாலைத் தொழுகைக்கும் போங்கள். மூன்று பேரை அழைத்து, அடுத்த வாரப் பகுதியின் தொடக்கத்தை அப்போதே வாசித்துவிடுவார்கள்.