டூட்டிக்கு முன் இருபது நிமிடம்

ஐசியூவில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் மானிட்டரின் ஒலி காதைவிட்டுப் போகாது. தூக்கத்தில்கூட எந்தப் படுக்கை என்று தேடிக்கொண்டு எழுந்திருக்கிறேன். பல வருடம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிறு ஆராதனைக்குப் போகிறோம், வார்டில் நடக்கும்போதே மனதுக்குள் ஜெபிக்கிறோம், அது போதும் என்று இருந்தேன்.

ஒரு நாள் ஒரு நோயாளியின் மகள் வந்து, "சிஸ்டர், அம்மா கண் திறந்தாங்களா?" என்று கேட்டாள். ட்ரிப்ஸ் சரிசெய்துகொண்டிருந்த நான் திரும்பிப் பார்க்காமலே, "டாக்டரைக் கேளுங்க" என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். கையைக் கழுவும்போதுதான் உறைத்தது. அன்று முழுக்க ஒருவருடைய முகத்தையும் நான் பார்த்திருக்கவில்லை. எண்களை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

அந்த வாரம் பைபிளில் மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தை வாசித்தேன். பலமுறை வாசித்ததுதான். ஆனால் இந்தமுறை அதை நர்ஸாக வாசித்தேன். கப்பர்நகூமில் சாயங்காலம், பட்டணத்தார் எல்லாரும் இயேசு இருந்த வீட்டு வாசலுக்கு முன்பாகக் கூடிவருகிறார்கள், நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு. எங்கள் பாஷையில் சொன்னால் அது ஒரு முழு நைட் டூட்டி. மறுநாள் இருட்டோடே எழுந்து, வனாந்தரமான ஓரிடத்திற்குப் போய் இயேசு ஜெபம்பண்ணுகிறார். சீடன் சீமோன் தேடிப்பிடித்து, "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறான். வேலை தீர்ந்துபோனதால் அவர் போகவில்லை. தேடி வர இன்னும் ஆட்கள் இருக்கும்போதே போயிருக்கிறார். அதற்குப் பிறகும் அந்த வாசலுக்குத் திரும்பாமல், அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். எது தன் வேலை என்பது அந்தத் தனிமையில் அவருக்குத் தெளிவாகியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நானோ வேலை ஓயட்டும், அப்புறம் தேவனோடு உட்காரலாம் என்று வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டவள். ஐசியூவில் வேலை ஓய்ந்ததாகச் சரித்திரமே இல்லை.

சரி என்று டூட்டிக்கு 20 நிமிடம் முன்னதாக வர ஆரம்பித்தேன். உடை மாற்றும் அறையை ஒட்டி, படுக்கை விரிப்புகள் அடுக்கி வைக்கும் சின்ன அறை இருக்கிறது. போனை லாக்கரில் வைத்துவிட்டு, அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். வெளுத்த துணியின் வாசனை, சுவருக்கு அப்பால் லிப்ட் ஏறி இறங்கும் சத்தம், அவ்வளவுதான்.

முதல் சில நாள் சமாதானம் ஒன்றும் வரவில்லை, கோபம்தான் வந்தது. சீனியர் ஒருவர் எப்போதோ சொன்ன வார்த்தை, காப்பாற்ற முடியாமல் போன ஒரு பையனின் முகம், எல்லாம் மேலே வந்தன. ஓடிக்கொண்டே இருந்ததால் இத்தனை நாள் அவை அடங்கிக் கிடந்திருக்கின்றன. அழுதேன். அதை ஜெபம் என்றே எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் என்னிடம் அன்று வேறு ஜெபம் இல்லை. ஒரு நாள் சுவரில் சாய்ந்து தூங்கியே விட்டேன். குற்ற உணர்ச்சி பிடித்துக்கொண்டது. அப்போது பைபிளில் வரும் எலியா தீர்க்கதரிசி நினைவுக்கு வந்தான். சூரைச்செடியின் கீழே சாக வேண்டும் என்று படுத்தவனைத் தேவன் முதலில் தூங்கவிட்டார். இரண்டு முறை எழுப்பிச் சாப்பிட வைத்தார். 40 நாள் நடந்து ஓரேப் மலைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் தேவனுடைய அந்த அமர்ந்த மெல்லிய சத்தம்.

இது தப்பித்து ஓடுவதில்லையா என்று உடன் வேலை பார்க்கும் ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. எகிப்தின் பாலைவனத்தில் சுமார் 20 ஆண்டு தனித்திருந்த ஆதிகாலத் துறவி அந்தோனியாரைப் பற்றிச் சொன்னேன். அலெக்சாந்திரியாவில் விசுவாசிகளைச் சிறையில் அடைத்தபோது, அவர் அந்த நகரத்துக்கே வந்து கைதிகளுக்குப் பணிவிடை செய்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் நான் உள்ளே இருக்கும்போது யாராவது தேடினால், "கொஞ்சம் பொறுங்க, வந்துடுவாங்க" என்று அவள்தான் சொல்கிறாள்.

போன வாரம், தொண்டையில் குழாய் போட்டிருந்த ஒரு பெரியவர் கட்டில் கம்பியை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். மானிட்டரில் எல்லா எண்ணும் சரியாக இருந்தது. முன்பெல்லாம் அதைப் பார்த்துவிட்டு நகர்ந்திருப்பேன். பக்கத்தில் போய் நின்றேன். அவர் கண் ஜன்னல் பக்கம் போனது, திரும்பவும் என்னிடம் வந்தது. வெயில் நேராக அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. திரையை இழுத்துவிட்டேன். தட்டுவதை நிறுத்திவிட்டு, அந்த விரல்களால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.