நாலு சைக்கிளும் ஒரு சுவரும்

இரவு ஒன்றரை மணிக்கு ஹோலுக்குள் ஏதோ இடிந்து விழுந்த சத்தம். லைற்றைப் போட்டுப் பார்த்தால் என் சைக்கிள் நிலத்தில் கிடக்கிறது, முன் சில்லு இன்னும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, சுவரில் நாலு ஓட்டை, அவற்றுக்கு நேர் கீழே சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன மண் குவியல். அப்பா அறை வாசலில் வந்து நின்று ஒருமுறை பார்த்தார். "நான் சொன்னனான்தானே" என்றுகூடச் சொல்லவில்லை, போய்ப் படுத்துவிட்டார். அதுதான் பெரிய கரைச்சலாக இருந்தது.

எங்கள் வீட்டில் நாலு சைக்கிள். அப்பாவின் 28 அங்குலப் பழைய வண்டி, மனைவியின் லேடீஸ் சைக்கிள், என்னுடைய 26 அங்குல மவுண்டன், மகனின் 20 அங்குலம். முன்பு இரண்டுதான் இருந்தது. 2022 ஜூனில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போய், அந்த விலைக்கும் கிடைக்காமல் பெற்றோல் செட்டில் நாள் கணக்கில் வரிசை நின்றபோது மற்ற இரண்டும் வந்து சேர்ந்தன. பெற்றோல் திரும்ப வந்தது, சைக்கிள்கள் போகவில்லை.

வீடு கிளிநொச்சி மாவட்டத்தில் தருமபுரத்துப் பக்கம், பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே. போருக்குப் பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டியது, 550 சதுர அடி. வன்னியில் இந்த வீடு தெரியாத ஆள் இல்லை என்பதால் அளவை விளக்கத் தேவையில்லை. அதற்குள் நாலு சைக்கிளை எங்கே விடுவது? வெளியே தாழ்வாரத்தில்தான் விட்டோம். ஐப்பசியில் பிடிக்கிற மழை மார்கழி வரைக்கும் சாரலடித்தே செயினைக் கறளாக்கிவிடும், அது முடிந்து சில மாதம் போனால் கச்சான் காற்று கிரவல் புழுதியை அள்ளிக்கொண்டுவந்து ஹப்புக்குள் போடும், நடுவில் வெயில் ரயரின் பக்கங்களை வெடிக்க வைக்கும். ஆடு ஒன்று சீற் கவரைத் தின்றது வேறு கதை. கடைசியில் பக்கத்து ஒழுங்கையில் ஒரு வீட்டில் இரவோடு இரவாகச் சைக்கிள் போனதும், சரி, உள்ளே எடுப்போம் என்று முடிவாயிற்று.

யூடியூப்பில் பார்த்தால் எல்லாம் சுகமாகத்தான் இருக்கிறது. வெள்ளைச் சுவர், ஒரு கொக்கி, அதில் ஒரு சைக்கிள், பக்கத்தில் பூச்சாடி. நானும் சைக்கிளின் மேல் பாரைத் தாங்கிப் பிடிக்கிற இரும்புக் கை ஒன்று வாங்கி, டிறில் இரவல் எடுத்து, பிளாஸ்ரிக் பிளக் அடித்து, ஸ்குரூ முடுக்கி, ஒரு பின்னேரத்திலேயே மாட்டிவிட்டேன். டிறில் உள்ளே போன விதத்திலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். எந்த எதிர்ப்பும் இல்லாமல், குழைத்த மாவுக்குள் கரண்டி போனமாதிரிப் போனது. அந்த நாட்களில் எல்லாரும் ஒரே நேரத்தில் வீடு கட்டினோம், மண் கூடிச் சீமெந்து குறைந்த கல் எவ்வளவோ சுவருக்குள் போனது. என் சுவரிலும் போயிருக்கிறது. கல்லைக் குறை சொல்லி இப்போது என்ன, அறுத்து இறக்கிய அன்றைக்கே ஒரு கல்லைத் தூக்கிப் போட்டுப் பார்த்திருக்கலாம்.

விழுந்த பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். சைக்கிள் 15 கிலோதானே, அதைச் சுவர் தாங்காதா என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் பாரம் சுவரில் இல்லை. ஹாண்டில் இடிக்காமல் இருக்க அந்தக் கை சுவரிலிருந்து 30 சென்ரிமீற்றர் வெளியே நீள்கிறது, பாரம் அதன் நுனியில். மேல் ஸ்குரூவுக்கும் கீழ் ஸ்குரூவுக்கும் இடைவெளி 10 சென்ரிமீற்றர். அப்படியென்றால் மேல் ஸ்குரூக்களைச் சுவரிலிருந்து பிடுங்குகிற இழுவை 15 கிலோ இல்லை, அதன் மூன்று மடங்கு, 45 கிலோ. அதுவும் சும்மா தொங்கும்போது. எடுக்க, மாட்ட என்று ஆட்டும்போது இன்னும் கூடும். ஆகவே கடைப் பெட்டியில் போட்டிருக்கிற 'இத்தனை கிலோ தாங்கும்' என்பது அந்த இரும்புக்குத்தான், உங்கள் சுவருக்கு இல்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் ஒவ்வொரு வகையாகப் பார்த்தேன். நிலத்துக்கும் சீலிங்குக்கும் நடுவில் இறுக்கி நிறுத்துகிற கம்பம் ஒன்று இருக்கிறது, சுவரில் ஓட்டையே தேவையில்லை, ஆனால் எங்களுக்கு மேலே இருப்பது சரிந்த கூரையும் சிலாகையும், எதில் முட்டுக்கொடுப்பது? கப்பி போட்டுக் கயிற்றால் தீராந்திக்கு இழுத்துவிடுகிற வகையை மனைவி ஒரே வசனத்தில் முடித்தாள்: "பிள்ளை படுக்கிற இடத்துக்கு மேல உதைத் தொங்கவிட்டால் நான் தாய்வீட்டை போயிடுவன்." முன் சில்லைக் கொக்கியில் மாட்டிச் சைக்கிளை நட்டுக்குத்தாக நிறுத்துகிற வகைதான் இடத்தை ஆகக் குறைவாகப் பிடிக்கும். மவுண்டனுக்கு அது சரிவரும். அப்பாவின் வண்டிக்குச் சரிவராது. முன் மட்கார்ட் நீண்டு வந்து கொக்கிக்கு இடம் விடாது, பின் மட்கார்டின் வால் சுவரில் முட்டி வளையும், கரியரும் இடிக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த வண்டி 20 கிலோவுக்குக் கிட்ட வரும், 70 வயது தாண்டிய மனிதர் அதை எப்படித் தூக்குவது? லேடீஸ் சைக்கிளிலோ மேல் பாரே இல்லை, பாரில் மாட்டுகிற றாக்கைகளுக்கு அது ஆகாது.

ஆனால் அப்பா சொன்னது இந்தத் தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. கொக்கிப் படத்தைப் போனில் காட்டியபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "உதென்ன தம்பி, சைக்கிளைத் தூக்கில போட்டிருக்கு." பிறகு, "என்ரை சைக்கிள் நிலத்தில நிக்கவேணும். முன் சில்லு வாசலைப் பாத்து நிக்கவேணும்." அவ்வளவுதான். ஏன் என்று நான் கேட்கவில்லை. இது அவருக்கு மீள்குடியேற்றத்துக்குப் பிறகு நிவாரணத்தில் கிடைத்த வண்டி. அதற்கு முந்தியது 2009இல் போரின் கடைசி நாட்களில் வட்டுவாகல் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றுபோனது.

மரத்தில் செய்வோமா என்றும் ஒரு யோசனை வந்தது. முதிரை, பாலை என்று சொல்ல நன்றாகத்தான் இருக்கும், ஆனால் விலையும் மரம் ஏற்றுகிற அனுமதியும் ஒரு பக்கம், விலை குறைந்த மரமென்றால் நிலத்தில் தொட்டுக்கொண்டு நிற்கிற காலைக் கறையான் விடாது. இரும்புதான்.

கடைசியில் வெல்டிங் கடைக்குப் போய், நானே கொப்பித் தாளில் கீறிய படத்தைக் கொடுத்தேன். யோசனை இதுதான்: பாரம் முழுக்க நிலத்துக்கு இறங்கவேண்டும், சுவர் சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும். ஒன்றரை அங்குல பொக்ஸ் பாரில் (சதுர இரும்புக் குழாய்) 7 அடி உயரத்துக்கு இரண்டு நிலைக்கால், ஒவ்வொன்றுக்கும் அடியில் முன்பக்கமாக நீளும் இரண்டரை அடிப் பாதம், நடுவில் இரண்டு குறுக்குச் சட்டம். 20 அடி நீளத்தில் வருகிற பொக்ஸ் பார் இரண்டு போதுமானதாக இருந்தது. நிலைக்கால்களின் உச்சியை லிண்டலில் ஆளுக்கு ஒரு அங்கர் போல்ற் போட்டுப் பிடித்தேன். லிண்டல் கொங்கிறீற், டிறில் அங்கே கத்திக்கொண்டு, புகைந்துகொண்டு, பிடிவாதமாகப் போனது. அந்தச் சத்தம் கேட்டபோதுதான் மனம் ஆறியது.

இரண்டு கைகள் 5¾ அடி உயரத்தில். இந்த உயரத்தை நான் சும்மா வைக்கவில்லை. என் சைக்கிளின் பாரிலிருந்து சில்லின் அடி வரை இரண்டரை அடிக்குக் கொஞ்சம் கூட, ஆகவே தொங்கும்போது சில்லு நிலத்திலிருந்து மூன்றடிக்கு மேலே நிற்கும், மகனின் சைக்கிள் ஹாண்டிலோடு சேர்த்து அதற்குக் கீழே போய்விடும். கைகளின் நீளம் 14 அங்குலம், ஏனென்றால் ஹாண்டிலின் அகலத்தில் பாதி ஓரடி வரும். நுனியைக் கொஞ்சம் மேலே வளைத்துவிடச் சொன்னேன், பார் வழுக்காமல் இருக்க. பழைய ரியூப்பை வெட்டி இறுக்கிச் சுற்றினேன், இல்லாவிட்டால் பெயின்ற் உரியும்.

அப்பாவின் வண்டிக்கும் மனைவியின் சைக்கிளுக்கும் நிலத்தில் சில்லுப் பிடி. இங்கேதான் கடைக்காரரோடு கொஞ்சம் வாக்குவாதம். எல்லாவற்றையும் ஒரே அகலத்தில் அடிக்கிறேன் என்றார், பள்ளிக்கூடச் சைக்கிள் கொட்டிலுக்கு அப்படித்தானாம். அந்தக் கொட்டில்களில் எத்தனை றிம் நெளிந்தது என்று எனக்குத் தெரியும். பிடி அகலமாக இருந்தால் சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்து, முழுப் பாரமும் கம்பிகளில் விழும். 28 அங்குல ஒன்றரை ரயருக்கு நாலரை சென்ரிமீற்றர் போதும், மவுண்டன் ரயருக்கு ஐந்தரை வேண்டும். அதோடு சில்லை அடியில் மட்டும் பிடித்தால் போதாது, அச்சின் உயரத்திலும் ஒரு பிடி வேண்டும். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் செய்தார், ஆனால் நல்ல வேலை, ஒட்டு ஒவ்வொன்றையும் அரைத்து வழவழப்பாக்கித் தந்தார்.

துருத் தடுப்புப் பெயின்ற் இரண்டு பூச்சு. பாதங்களுக்கு றப்பர். மழை நாளில் சொட்டுகிற சேற்றுக்குக் கீழே உரப்பையை விரித்திருக்கிறோம், வாரத்துக்கு ஒருமுறை எடுத்து உதறினால் சரி.

அப்பாவின் வண்டிக்குப் பின் சில்லுத்தான் பிடிக்குள் போகிறது, முன் சில்லு வாசலைப் பார்க்கிறது. மனைவியின் சைக்கிள் பக்கத்தில் முன் சில்லை உள்ளே விட்டு நிற்கிறது. ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக நிற்பதால் இரண்டு ஹாண்டிலும் ஒன்றோடொன்று மோதுவதில்லை, இரண்டு அடி இடைவெளி தேவைப்படுகிற இடத்தில் ஒன்றேகால் அடியே போதுமாக இருக்கிறது. மாற்றி மாற்றி நிறுத்தினால் இடம் மிச்சம் என்று ஒரு மாதமாகத் தேடிப் படித்த எனக்குத் தோன்றவில்லை, அப்பாவின் பிடிவாதத்தில்தான் அது தானாக வந்தது.

நாலு சைக்கிளையும் சுவரில் ஏற்றப்போகிறேன் என்று தொடங்கியவன் நான். இப்போது தொங்குவது ஒன்றே ஒன்று, என்னுடையது. ஞாயிற்றுக்கிழமைதான் இறக்குகிறேன். அப்பா விடிய ஐந்தரைக்குத் தன்னுடையதைப் பிடியிலிருந்து ஒரு தள்ளு, அப்படியே வாசலைத் தாண்டிப் பால் வாங்கப் போய்விடுவார், சத்தம்கூடக் கேட்காது.

சுவரில் அந்த நாலு ஓட்டையும் இன்னும் இருக்கின்றன. சீமெந்து பூசி மூடவேண்டும். மகன் அதற்குள் பென்சில் செருகி வைக்கிறான்.