பெயர் வைக்காத குட்டிகள்

மார்ச் கடைசி வந்துவிட்டால் எங்கள் மீட்பு மையத்தின் தொலைபேசிக்கு ஓய்வே இருக்காது. "தோட்டத்தில் ஒரு பூனைக்குட்டி தனியாகக் கிடக்கிறது" என்று யாராவது சொல்வார்கள். போய்ப் பார்த்தால் நரிக்குட்டி. பிறந்து சில வாரமே ஆன செந்நரிக்குச் சிவப்பு நிறம் வந்திருக்காது. சாக்லேட் பழுப்பு மயிர், மழுங்கிய மூக்கு, நீலக் கண். வால் நுனியில் தெரியும் வெள்ளையைக் காட்டிய பிறகுதான் பலர் நம்புவார்கள்.

நான் வேலை பார்ப்பது தென் இங்கிலாந்தில், அடிபட்ட, தாயை இழந்த விலங்குகளைப் பராமரிக்கும் ஒரு சிறிய மையத்தில். இந்த ஊரில் நரியைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. 1930-களிலேயே லண்டன் புறநகர்களில் குடியேறிவிட்ட பிராணி அது. வீட்டுத் தோட்டத்து ஷெட்டுக்கு அடியில் வளை தோண்டி, ஒரு ஈற்றில் நாலைந்து குட்டி போடும். தாய் காரில் அடிபட்டுச் செத்தால் குட்டிகள் எங்களிடம் வந்து சேரும்.

தனியாகக் கிடக்கும் குட்டியெல்லாம் அநாதை இல்லை. தாய்நரி குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய் வேறு வளைக்கு மாற்றும். நடுவில் ஆள் அரவம் கேட்டால் வாயிலிருப்பதைப் போட்டுவிட்டு மறைந்துகொள்ளும். ஆகவே குட்டி கதகதப்பாக, காயமில்லாமல் இருந்தால், கிடந்த இடத்திலேயே ஒரு திறந்த பெட்டியில் வைத்துவிட்டு ராத்திரி தாய் வருகிறதா என்று பார்க்கச் சொல்வோம். காலையில் பெட்டி காலி என்று தகவல் வந்தால் எனக்கு அன்றைக்கு அதைவிட நல்ல சேதி கிடையாது. எந்த மையமும் தாய்க்கு ஈடாகாது.

நிஜமாகவே தாயில்லாத குட்டி என்றால் முதல் வேலை உடம்பைச் சூடாக்குவது. முதல் இரண்டு வாரம் குட்டியால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. அந்த நாட்களில் தாய் வளையை விட்டு அதிகம் நகராது. ஆண் நரிதான் இரை கொண்டுவரும். குளிர்ந்த உடம்புக்குப் பால் செரிக்காது என்பதால் முதலில் ஹீட் பேட், பிறகுதான் நாய்க்குட்டிகளுக்கான பால் மாவைக் கரைத்து சிரிஞ்சில் கொடுப்போம். குடித்து முடித்ததும் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் அடிவயிற்றைத் தடவ வேண்டும். தாய் நக்கிவிட்டால்தான் இவ்வளவு சிறிய குட்டிக்கு மூத்திரம் பிரியும். பால் குடிக்கும்போது அதன் இரண்டு முன்னங்கால்களும் என் கையுறையை மாறி மாறி அழுத்தும். நெஞ்சோடு அணைத்துக்கொள்ளத் தோன்றும். அணைப்பதில்லை. பேசுவதும் இல்லை. பெயரும் வைப்பதில்லை, எண்தான்.

புதிதாகச் சேரும் தன்னார்வலர்களுக்கு இது கல்மனசாகத் தெரியும். ஒருவர் என் முன்னாலேயே அழுதிருக்கிறார். ஆனால் மனிதரை நம்பப் பழகிய நரி வெளியே போனால், வேட்டை நாயோடு வருகிறவர் காலடியிலும் போய் நிற்கும். 2004-ஆம் ஆண்டுச் சட்டம் நாய்களை ஏவி நரி வேட்டையாடுவதைத் தடுத்துவிட்டது; அதனால் நரி மேல் சிலருக்கு இருக்கும் வெறுப்பு போய்விடவில்லை. ஆகவே குடற்புழு, சொறி எல்லாம் பார்த்து, தடுப்பூசி போட்டு, கூடிய சீக்கிரம் அதே வயதுக் குட்டிகளோடு சேர்த்துவிடுவோம். நாலு வார வயதில் யார் பெரியவன் என்று கடுமையாகச் சண்டை போடும். அது முடிந்தால் ஒரே குடும்பம்தான். முழுக் கோழிக்குஞ்சு ஒன்றை முதல்முறை போடும்போது பார்க்க வேண்டும். ஒன்று அதைக் கவ்விக்கொண்டு மூலைக்கு ஓடி, முதுகை வளைத்து, தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் எழுப்பும். வயிறு நிறைந்ததும் மிச்சத்தை வைக்கோலுக்குள் திணித்து, மூக்காலேயே தள்ளித் தள்ளி மூடும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

கோடை முடிவதற்குள், நிலத்துக்காரர் சம்மதம் தந்த இடத்தில் ஒரு கூண்டு அமைத்து, கூட்டமாக அதில் குடிவைப்போம். மண்ணும் வாசனையும் பழகிய பிறகு ஒரு சாயங்காலம் கதவைத் திறந்துவிடுவோம். சில வாரம் அங்கேயே சாப்பாடு வைப்போம். அது தொடப்படாமல் கிடக்கத் தொடங்கினால் வேலை முடிந்தது.

சில குட்டிகளுக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. எங்களிடம் இருக்கும் ஒரு பெட்டை, சமையலறையில் நாயோடு வளர்ந்தது. எடுத்து வளர்த்தவர்கள் நல்லவர்கள். அதைக் காப்பாற்றத்தான் நினைத்தார்கள். எங்களிடம் வந்தபோது அது யாரைக் கண்டாலும் வாலைக் குழைத்து, காதை மடக்கி, மடியில் ஏறியது. காட்டில் நரிகள் பெரும்பாலும் ஓரிரு வருஷத்துக்குள் செத்துவிடும். அடைப்பில் பத்து வருஷத்துக்கு மேலும் வாழும். ஆகவே அத்தனை வருஷத்துக்கும் பொறுப்பேற்றுக்கொண்டுதான் அதை வைத்திருக்கிறோம். தோண்டும் என்பதால் கம்பிவலையை மண்ணுக்குள்ளும் இறக்க வேண்டும், ஏறும் என்பதால் மேலேயும் மூட வேண்டும். சாப்பாட்டைத் தினம் ஒரு இடத்தில் ஒளித்துவைத்தால்தான் அதற்குப் பொழுது போகும். மனிதர்கள் எவ்வளவு கொஞ்சினாலும் அதற்கு இன்னொரு நரி வேண்டும். துணையாக, அதைப் போலவே வெளியே விட முடியாத நரி எங்காவது இருக்கிறதா என்று மற்ற மையங்களில் கேட்டிருக்கிறோம். ஒரு கண் பார்வையில்லாத ஆண் நரி ஒன்று இருப்பதாகப் பதில் வந்திருக்கிறது. கால்நடை மருத்துவர் பார்த்துச் சரியென்றதும் அழைத்துவரப் போகிறோம்.